சீட்டு இல்லாமல் கிடைக்கிற மாத்திரை

பாப்பா,

அம்மாவின் திதிக்கு வந்துவிட்டு நீ பெங்களூர் பஸ் ஏறிப் போனதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. போய்ச் சேர்ந்ததும் நீயும் மாப்பிள்ளையும் போனில் பேசினீர்கள். அப்போதே கேட்டிருக்கலாம். போனில் இதையெல்லாம் கேட்டால் நீ சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய் என்பதால் எழுதுகிறேன். அன்று காலையில் திதி முடிகிற வரை யாரும் சாப்பிடக் கூடாது என்று வெறும் வயிற்றோடு இருந்தாய். சமையலறையில் நின்றபடியே கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் காபியோடு விழுங்கினாய். கொஞ்ச நேரம் கழித்து நெஞ்சைத் தடவி விட்டுக்கொண்டு இன்னொரு மாத்திரையை வாயில் போட்டு மென்றாய். புதினா வாசம் நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது.

"என்னம்மா அது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா. கழுத்து வலிக்கு ஒண்ணு. அது வயித்த எரிய வைக்கும், அதுக்கு ஒண்ணு. டெய்லி போடறதுதான்."

"டாக்டர் குடுத்தாரா?"

"இதுக்கு எதுக்குப்பா டாக்டரு? கடையில சீட்டே கேக்க மாட்டாங்க, சும்மா குடுக்கறதுதான். பயப்படாத. அம்மா போட்டது வேற, இது வேற."

அதற்குள் ஐயர் வந்துவிட்டார். நான் போய் உட்கார்ந்துவிட்டேன். எள்ளும் தண்ணீரும் விடும்போதுகூட உன் கடைசி வார்த்தைதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா போட்டது வேறு என்று உனக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நீ பள்ளிக்கூட நாளிலிருந்தே வேலூரில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு படுக்கையில் கிடந்த அம்மாவைத்தான் நீ பார்த்தாய். அதற்கு முன்னால் நடந்ததை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் கேட்டுக்கொண்டாள். "படிக்கிற பொண்ணு, மனசு கலங்கிடும்" என்றாள். அவள் போன பிறகும் அந்தப் பேச்சை மீறாமல் இருந்தேன். இனிமேல் முடியாது. மாப்பிள்ளையும் இதைப் படிக்கட்டும். ஆபீசில் உன் பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி கழுத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்குப் படித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்தான்.

எண்பத்தொன்பதில் ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டை ஒட்டிய சந்துக்கு நாம் குடிவந்தது உனக்கு நினைவிருக்கும். எனக்குக் கீழ்பென்னாத்தூரில், எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. காலை பஸ்ஸில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவேன். உன் அம்மா முன்னறையில் நாலு மேசை போட்டு மெஸ் ஆரம்பித்தாள். மாடி அறைகளில் தங்கியிருந்த வெளியூர்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் முதலில் வந்தார்கள். பிறகு ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் விசாரித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். காலையில் இட்லி, பொங்கல். மதியம் சாப்பாடு. வெள்ளைக்காரர்களுக்குக் காரம் கம்மியாகத் தனிக் குழம்பு. சிமெண்ட் தரையில் விடிகாலையில் அடுப்பு முன்னால் நிற்க ஆரம்பிப்பாள். கடைசி ஆள் கை கழுவிவிட்டுப் போன பிறகுதான் தட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவாள். அது மதியம் மூன்றோ நாலோ ஆகிவிடும். அதுவரை அவள் வயிற்றில் டீயைத் தவிர ஒன்றும் இருக்காது. பசிக்கிறதா என்று ஊரையே கேட்பாள். அவளைக் கேட்டால் "வாசனையிலயே வயிறு ரொம்பிடுதுங்க" என்பாள்.

முதலில் முழங்கால் வலித்தது. பிறகு இடுப்பு, பிறகு கை விரல் கணுக்கள். காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். தெரு முனை மெடிக்கல் ஷாப்பில் யாரோ சொல்லி ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டாள். போட்ட கொஞ்ச நேரத்தில் வலி விட்டுவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் நான் வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "எத்தன நாளு இத தெரியாம கஷ்டப்பட்டேன்" என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேண்டாத ஒன்றைப் பார்க்கிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வலிக்கிறவர்கள் வலி போக வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு இருக்கிறது.

எப்போதாவது போட்டது, வாரத்துக்குப் பாதி நாள் ஆயிற்று. பிறகு டீயோடு சேர்ந்த பழக்கம் ஆயிற்று. காலை டீ, மாத்திரை, அடுப்பு. வயிற்றில் நெருப்பு வைத்தது மாதிரி எரிகிறது என்று ஒரு நாள் சொன்னாள். கடைக்காரர் அதற்கு வெள்ளையாக, கெட்டியாக ஒரு மருந்துப் புட்டி கொடுத்தார். மூடியில் ஊற்றிக் குடிப்பாள். லீவில் வந்தால் நீ அந்த மூடியை நக்கிவிட்டுப் போவாய். இனிக்கிற மருந்துக்கு யார் பயப்படுவார்கள். மூடியில் ஊற்றிக் குடித்தவள் பிறகு புட்டியோடு வாயில் கவிழ்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். எரிச்சல் அடங்கிவிடும். அடங்கியதும் அடுத்த வலி மாத்திரைக்கு இடம் கிடைத்துவிடும். கடைக்காரரும் கெட்டவர் இல்லை. "அக்கா, ஜாஸ்தியாவுது. ஒரு தபா டாக்டர பாத்துடுங்க" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு அவள் கேட்டதையும் கொடுத்துவிடுவார்.

என் தொழிலில் அடிக்கடி ஒன்றைப் பார்ப்பேன். மோட்டாரில் ஏதோ கோளாறு, ஃப்யூஸ் போகிறது. திரும்பத் திரும்பப் போகிறதே என்று எரிச்சலாகி, அந்த இடத்தில் தடியான கம்பியைச் சுற்றிவிடுவார்கள். பிறகு ஃப்யூஸ் போகாது. மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு நாள் மொத்தமாக எரிந்த காயிலோடு வண்டியில் ஏற்றி என்னிடம் கொண்டுவருவார்கள். இதை உன் அம்மாவிடம் சொன்னேன். "நான் என்ன மோட்டாரா?" என்று சிரித்தாள். அவள் சிரித்தால் மேற்கொண்டு பேச எனக்கு வராது.

பேசிப் பார்க்காமல் இல்லை. மாவு ஆட்டக் கரண்ட் கிரைண்டர் போட்டுக் கொடுத்தேன். பாத்திரம் தேய்க்கக் கன்னியம்மாவை வைத்தோம். மெஸ்ஸை ஒரு மாதம் மூடிவிட்டுக் கால் நீட்டி உட்காரு என்றேன். "ஒரு மாசம் மூடினா வர்றவங்க வேற எடம் பழகிடுவாங்க" என்றாள். அது உண்மைதான். ஒரு தடவை கோபத்தில் அவள் மாத்திரை அட்டையை எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் என் கடைக்குப் போகவில்லை. அவள் தேடினாள். எங்கே என்று என்னைக் கேட்கவே இல்லை, புரிந்துகொண்டுவிட்டாள். அடுப்புக்குத் திரும்பிப் போய் இட்லிக் குண்டானை இறக்கப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு முழங்கையால் அணைத்து இறக்கினாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அதை ஒரு தோளிலும் மறு தோளிலும் மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டே சாம்பார் ஊற்றினாள். மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வருவதற்குள் நானே அட்டையைப் பையிலிருந்து எடுத்து, தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டாள். அன்று எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் அவள் அழுதபடி பரிமாறியதைப் பார்த்ததில்லை.

ஹெல்காம்மாவை உனக்குத் தெரியும். குளிர்காலத்தில் வந்து மாடியில் தங்கும் அந்த வயதான வெள்ளைக்காரம்மா. உன் அம்மாவுக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. ஆனாலும் மெஸ் முடிந்த பிறகு இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த அம்மாவுக்கும் முழங்கால் வலி. ஒரு வருஷம் தன் ஊரிலிருந்து வரும்போது பெரிய வெள்ளை டப்பா நிறைய மாத்திரை கொண்டுவந்து உன் அம்மா கையில் வைத்தார். தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, மாத்திரையைக் காட்டி, எழுந்து நடந்து காட்டினார். பிறகு வருஷா வருஷம் கொண்டுவந்தார். உள்ளூர் அட்டையில் இருந்தது சிவப்பு மாத்திரை, இது வெள்ளை. பெயரும் வேறு. கடை மாத்திரை வலிக்கு, வெள்ளைக்காரம்மா மாத்திரை உடம்புக்குத் தெம்பு கொடுக்க என்று உன் அம்மா மனசில் பிரித்து வைத்திருந்தாள். ரொம்ப வலிக்கிற நாளில் இரண்டையும் போடுவாள்.

நீ கல்லூரி சேர்ந்த வருஷம் அவள் வெளுத்துப்போக ஆரம்பித்தாள். படி ஏறினால் மூச்சு வாங்கியது. நான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் அதிகம், பெண்களை மட்டும் உள்ளே விட்டார்கள், நான் வராந்தாவில் நின்றேன். ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டாராம். இவள் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்து நான் கோபப்பட்டபோது, "அத எல்லாமா டாக்டர்கிட்ட சொல்லுவாங்க? அது கடையில வாங்கறதுதானே" என்றாள். மறுபடியும் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றேன். தீபம் நெருங்குகிறது, கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது, தீபம் முடியட்டும் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை பாப்பா. அது மருந்துக் கணக்கிலேயே அவளுக்குச் சேரவில்லை. நீயும் சும்மா கொடுக்கிறதுதான் என்று சொன்னாயே, அதேதான்.

சத்து மாத்திரை போட்டால் வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அது சரியான பேச்சுதான். ஆனால் அவளுக்குக் கறுப்பாகப் போக ஆரம்பித்தபோது அது சத்து மாத்திரையால் இல்லை. தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, கெட்ட வாடையோடு போயிருக்கிறது. உள்ளே புண்ணாகி ரத்தம் கசிந்திருக்கிறது. ரத்தம் போகப் போக உடம்பு வெளுத்தது, வெளுக்க வெளுக்க அவள் சத்து மாத்திரையைத் தவறாமல் போட்டாள். அதையும் வயிற்று மருந்தோடு சேர்த்தே குடித்ததால் சத்து உடம்பில் சரியாகச் சேரவும் இல்லை. இவை அத்தனையும் பிறகு வேலூரில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தீபத்தன்று நான் வீட்டில் இருந்தேன். விடியற்காலையிலிருந்தே ரோடு முழுக்க மனிதர்கள். மலையைச் சுற்றி நடக்கிறவர்கள் நம் சந்து வாசலை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். வண்டி, ஆட்டோ எதையும் விடவில்லை. மெஸ்ஸுக்கு வந்தவர்களுக்கெல்லாம் உன் அம்மா பொங்கலும் சாம்பார் சாதமும் வடித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். அன்று விரதம் வேறு. சாயங்காலம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் கன்னியம்மா கூப்பிட்டாள். "அண்ணா, சீக்கிரம் வாங்க. அக்கா இன்னாமோ மாதிரி இருக்காங்க." பாத்திரம் தேய்க்கிற தண்ணீர்த் தொட்டி முற்றத்தில் உன் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரில் வாந்தி. ஊறிப்போன காபித்தூளைக் கொட்டியது மாதிரி இருந்தது. அவள் கையைத் தொட்டேன், ஈரத் துணி மாதிரி சில்லென்று இருந்தது. "கண்ணு இருட்டிக்கினு வருதுங்க" என்றாள்.

ஆட்டோ தேடி ரோட்டுக்கு ஓடினேன். ரோடு என்று ஒன்று இல்லை, தலைகள்தான். திரும்பி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, புடவை முந்தானையால் கட்டி, நானும் மாடியில் தங்கியிருந்த இரண்டு ஆட்களும் தூக்கினோம். கன்னியம்மா அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரி ஊருக்குள் இருக்கிறது. கூட்டமோ ஊரிலிருந்து எங்கள் பக்கமாக வந்துகொண்டிருக்கிறது. ஹெல்காம்மா முன்னால் போய் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு "வழி, வழி" என்று கத்தினார். அவருக்குத் தெரிந்த சில தமிழ் வார்த்தைகளில் அது ஒன்று. வெள்ளைக்காரம்மா பக்தியில் ஏதோ சொல்கிறார் என்று ஜனங்கள் பதிலுக்குக் கும்பிட்டார்கள். சிலர் சிரித்தார்கள். புரிந்தவர்கள் நகர்ந்தார்கள், ஆனால் அவர்களுக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்குத் தெரியாதே. விரத மயக்கம் என்று நினைத்து ஒருவர் மோர் நீட்டினார். ஒரு அம்மா உன் அம்மா நெற்றியில் விபூதி பூசினாள். ஒருவர் சோடாவை உடைத்துக்கொண்டு வந்தார். எல்லாரும் நல்லவர்கள்தான். அத்தனை நல்லவர்களுக்கு நடுவில் நாங்கள் ஒரு அடி எடுத்து வைக்கப் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அப்போது தீபம் ஏற்றிவிட்டார்கள். ரோடு முழுக்க ஒரே குரலாக அரோகரா எழுந்தது. நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் நின்று, மலையைப் பார்த்துத் திரும்பி, கையைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் யாரை நகரச் சொல்வது? நாங்களும் நாற்காலியோடு நடுவில் நின்றுவிட்டோம். எல்லார் முகமும் மலைப் பக்கம் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏத்திட்டாங்களா?" என்று கேட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது.

"ஏத்திட்டாங்க, மல்லிகா."

பார்க்கத் தலையைத் தூக்க முயன்றாள். முடியவில்லை. "நீங்க பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன் என்று சொன்னேன். நான் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் இருக்கிறேன், அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவ்வளவு தனியாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

ஒரு போலீஸ்காரர் பார்த்துவிட்டு லத்தியைக் குறுக்கே பிடித்து வழி உண்டாக்கிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி வேனில் வேலூருக்கு அனுப்பிவைத்தார்கள். வயிற்றுப் புண் ரத்தக் குழாயை அரித்திருந்தது. ஆபரேஷன் செய்து வயிற்றில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் நீ ஹாஸ்டலிலிருந்து ஓடிவந்தாய். அல்சர் என்று மட்டும் உன்னிடம் சொன்னோம்.

அங்கே இருந்த லேடி டாக்டர், வீட்டில் அவள் சாப்பிட்ட மாத்திரை மருந்து எதுவாக இருந்தாலும் எடுத்துவரச் சொன்னார். ஊருக்கு வந்து எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய் மேசைமேல் வைத்தேன். அட்டையையும் வெள்ளைக்காரம்மாவின் டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொடி எழுத்தைக் காட்டினார். "மேல இருக்கற பேருதாங்க வேற. உள்ள இருக்கறது ரெண்டுலயும் ஐபுபுரோஃபென்தான். ஒரே மருந்து ரெட்டிப்பா போயிருக்கு. அதுவும் வெறும் வயித்துல." எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். மோட்டார் மேல் ஒட்டியிருக்கிற தகட்டைத் தினமும் படிக்கிறவன்தான். இந்தப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

கொஞ்சம் தெளிந்த பிறகு அவளிடம் கேட்டேன். கறுப்பாகப் போனதை ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அத போயி எப்படிங்க சொல்றது?" என்றாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியிருக்கிறோம். பசி, பிள்ளைப்பேறு, சண்டை எல்லாம் பார்த்தாகிவிட்டது. வெளிக்குப் போன நிறத்தைப் புருஷனிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது.

அதோடு இன்னொன்றும் சொன்னாள். "ஹெல்காம்மாகிட்ட மட்டும் மாத்திரைய பத்தி சொல்லிடாதீங்க. ஆசையா குடுத்தாங்க. தாங்க மாட்டாங்க." நான் சொல்லவில்லை. அடுத்த குளிர்காலம் அந்த அம்மா மறுபடியும் ஒரு டப்பாவோடு வந்தார். உன் அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, அலமாரியில் வைத்தாள். அந்த அம்மா மாடிக்குப் போனதும் என்னைப் பார்த்தாள். நான் எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் குழி தோண்டிப் புதைத்தேன். ஒவ்வொரு வருஷமும் இது நடந்தது.

உயிர் பிழைத்தாள், நல்லது என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வலி எங்கே போகும் பாப்பா? அந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்றார்கள், சிறுநீரகமும் களைத்துப்போயிருக்கிறது என்றார்கள். காய்ச்சலுக்குப் போடுகிற பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் கூடாது. அவள் ஒரு நாள்கூட மீறவில்லை. மெஸ்ஸை மூடினோம். நாலு வாய்க்கு மேல் சாதம் இறங்காது. மார்கழிக் குளிரில் முழங்கால் இரண்டும் வீங்கி, புரண்டு படுக்கக்கூட என்னைக் கூப்பிட வேண்டியிருக்கும். தண்ணீர் சுடவைத்து ஒத்தடம் கொடுப்பேன். தைலம் தேய்ப்பேன். "போதும், நீங்க படுங்க" என்பாள். போதாது என்று எனக்குத் தெரியும். இதைத் தவிர என் கையில் ஒன்றும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். இப்படித்தான் அந்த வருஷங்கள் போயின. கடைசியில் சிறுநீரகம் நின்றுபோய் அவள் போனபோது அழ முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இனி அவளுக்கு வலிக்காது என்று மட்டும்தான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பிறகு அழுதேன்.

அதனால் வலியோடு இரு என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வராது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலையை விடு என்றும் சொல்ல மாட்டேன். உன் அம்மாவிடம் மெஸ்ஸை மூடு என்று சொல்லி என்ன ஆயிற்று? அந்த லேடி டாக்டர் எனக்குச் சொன்னதை மட்டும் உனக்குச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடாதே, சாப்பிட்டுவிட்டுப் போடு. சாப்பிட்டுப் போட்டால் மட்டும் பயமில்லை என்றும் நினைக்காதே, தினம் தினம் போடுகிற மருந்து இல்லை அது. அட்டையின் பொடி எழுத்தைப் படி. தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று என்று வாங்கினால் மூன்றுக்குள்ளும் ஒரே மருந்து இருக்கலாம். பாராசிட்டமால் வயிற்றுக்கு இதமானது, ஆனால் அதுவும் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். எரிச்சல் மாத்திரை புண்ணை ஆற்றிவிட்டது என்று நம்பாதே. அது எரிச்சலின் வாயைத்தான் மூடுகிறது. வாரக்கணக்கில் அது தேவைப்பட்டால் டாக்டரைப் பார். வேறு எந்த மருந்தோடும் சேர்த்து அதை விழுங்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள், சத்து மாத்திரையை அது சேரவிடாது. டாக்டரிடம் போனால் கடையில் வாங்கியதையும் சொல், யாராவது அன்பாகக் கொடுத்ததையும் சொல். உண்டாகியிருக்கிறோமோ என்று சந்தேகம் வந்தால்கூட, கேட்காமல் எதையும் போடாதே. கறுப்பாக, தார் மாதிரி போனாலோ, காபித்தூள் மாதிரி வாந்தி வந்தாலோ, கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ, அன்றைக்கு என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. மாப்பிள்ளையிடம் சொல்ல வெட்கப்படாதே. மாப்பிள்ளை, அவள் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

எழுதிவிட்டேனே தவிர, இதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. இங்கிருந்து உன் கைப்பையைத் திறந்து பார்க்க முடியாது. பக்கத்தில் இருந்தே ஒருத்தியைத் தடுக்க முடியாதவன், பெங்களூரில் இருக்கிறவளை என்ன செய்துவிடப் போகிறேன். இதைப் படித்துவிட்டு நீ எனக்குப் போன் செய்வாய். நான் கேட்பதற்கெல்லாம் "சரிப்பா, சரிப்பா" என்பாய். அப்படிச் சொல்லாதே பாப்பா. வலி எங்கே இருக்கிறது, எப்போது வருகிறது, எவ்வளவு வலிக்கிறது என்று சொல். என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் சொல். நீ முடிக்கிற வரை போனை வைக்க மாட்டேன்.

அப்பா